பார்லித் தேநீர்

நாலரைக்கு வரவேண்டிய லாரி
ஐந்தரை ஆகியும் வரவில்லை.
துறைமுகச் சாலையில் பனி இறுகிவிட்டதாம்.
கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல்
தொலைபேசியில் சொன்னான் அதன் ஓட்டுநர்.

ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதுகிறாள் தாக் யோங்சிம்:
மிச்சம் நாற்பத்தொரு கிலோ.
வரிசையில் ஏழு பேருந்துகள், இரண்டு டாக்சிகள்.
வேலைக்குச் சேர்ந்த வாரம் தம்பியிடம் சொல்லிச் சிரித்தாள்,
உல்சான் நகரத்துக்கே
காற்றை எடைபோட்டுக் கொடுக்கிறேன் என்று.

நிறமில்லை, வாசமில்லை.
பற்றிக்கொண்டால் பகலில்
சுடர்கூடக் கண்ணுக்குத் தெரியாது.
அந்தக் காலத்தில் துடைப்பத்தை
முன்னே நீட்டியபடி நடப்பார்களாம்,
துடைப்பம் எரிகிற இடத்தில் தீ.
இப்போது கூரையிலும் கம்பத்திலுமாக
பதினாறு கருவிகள் விழித்திருக்கின்றன.
ஆனாலும் மூலையில் ஒரு துடைப்பம்.
பெருக்கத்தான், என்பாள் கேட்டால்.

முதல் பேருந்துக்குள் இருபத்தோரு கிலோ இறங்கியது.
குழலைக் கழற்றப் போனால் வரவில்லை.
மைனஸ் நாற்பதில் பாய்ந்த வாயு
கடலோரத்து ஈரக்காற்றைக் கவ்வி
வெள்ளையாக உறைந்திருந்தது.
உடும்புப் பிடி.
இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது.
வெந்நீர் ஊற்றலாமென்றால்
தண்ணீர்க் குழாயும் உறைந்து கிடக்கிறது.

ஓட்டுநர் பியோ கில்சு ஒன்றும் பேசாமல்
இருக்கைக்கடியிலிருந்து குடுவையை எடுத்தார்.
வறுத்த பார்லி போட்ட தேநீர்.
பாதியை இரும்பின்மேல் மெதுவாக ஊற்றினார்.
மீதியை இருவரும் மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.
டக்.
விட்டுவிட்டது.
பதிவேட்டில் அவள் 'வெந்நீர்' என்று எழுதினாள்.

ஆறு இருபதுக்கு வந்து சேர்ந்தது லாரி,
நீள உருளைகளை முதுகில் அடுக்கிக்கொண்டு,
டீசல் புகை கக்கிக்கொண்டு.
யாரும் சிரிக்கவில்லை.
கில்சுவின் நெஞ்சிலிருந்து மட்டும்
இருபத்தாறு வருட டீசல் இருமல்
கூட்டாளியைக் கண்டதுபோல் எழுந்து வந்தது.

நீரகம் என்றொரு பெயர் உண்டு இதற்கு.
நீரின் அகம்.
இங்கே வருவதோ எண்ணெயின் அகம்,
அதோ, இரவெல்லாம் கண் சிவந்து நிற்கும்
நாப்தா ஆலையிலிருந்து.
யோங்சிம்முக்கும் தெரியும்.
நிலையத்துச் சுவரில் வரைந்த பச்சை இலையை
வாரம் ஒருமுறை துடைக்கிறவள் அவள்தானே.
கடற்காற்றின் மின்சாரத்தில் தண்ணீரைப் பிளப்பது
அடுத்த கட்டமாம்.
அடுத்த கட்டத்தின் தேதிமேல்
டிசம்பர்தோறும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.
நகத்தால் சுரண்டினால்
அடியில் மூன்று வருடங்கள் இருக்கின்றன.

அதற்காக இதை நிறுத்திவிட முடியுமா?
அவளுக்கு விடை தெரியாது.
இந்தப் பேருந்தின் பின்னால் நிற்கும் குழந்தைகள்
மூக்கைப் பொத்துவதில்லை.
அதுவரை தெரியும்.

எதிர்க் குடியிருப்பின் போங் ஓக்தான் அம்மாள்
நிலையம் கட்டுமுன் நாற்பது நாள்
பதாகையோடு நின்றவர்:
எங்கள் ஜன்னலுக்குக் கீழே வெடிகுண்டு வேண்டாம்.
பதாகை போய்விட்டது, கட்டிய கயிறு
இன்னும் மரத்தை இறுக்கிக்கொண்டிருக்கிறது.
இன்று மீன் சந்தைக்குப் போக
காலி வாளியோடு ஏறினார்.
"இதை நான் இன்னும் நம்பவில்லை," என்றார்
அட்டையைத் தேய்த்தபடி.
"நம்ப வேண்டாம். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்,"
என்றார் கில்சு.

பேருந்து நகர்ந்தது.
நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர்.
வால்குழாய் விட்டுப்போன
ஒரே தடயம்.
உறைந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள்.
யோங்சிம் துடைப்பத்தை எடுக்கிறாள்.
பின்னால் ஹாரன் அடிக்கிறது.
வரிசையில் இன்னும் ஆறு.